காதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்: நார்விச், நார்ஃபோக், கெய்ர்ன், பார்டர் – எந்தச் சிறிய டெரியர்?

முழங்காலுக்குக் கீழே நிற்கிற, சொரசொரப்பான முடி கொண்ட, பிளாட்டிலும் வைத்துக்கொள்ளக்கூடிய டெரியர் ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களில் வந்து நிற்பார்கள்: நார்விச், நார்ஃபோக், கெய்ர்ன், பார்டர். நான்கும் பிரிட்டனில் எலியையும் நரியையும் வளைவரை துரத்துவதற்காக உருவானவை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 12 முதல் 15 ஆண்டுவரை கூட இருப்பவை. படத்தில் பார்த்தால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். குணத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மையும்கூட. பெரிய வேறுபாடுகள் குரல்வளையிலும் இதயத்திலும் ஈரலிலும் குடலிலும் இருக்கின்றன. அடுத்தபடியாக, முடிக்கு நீங்கள் ஒதுக்க வேண்டிய நேரத்தில். முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இவை இரண்டும் குட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவருகின்றன.

வெஸ்ட் ஹைலண்ட் ஒயிட் டெரியரை இங்கே சேர்க்கவில்லை. தோல் ஒவ்வாமை அந்த இனத்தில் மிக அதிகம். வயதான பிறகு நுரையீரல் தழும்பேறி மூச்சு குறையும் நோயும் அதற்கு உண்டு. தோல் மருத்துவத்துக்கு ஆயுள் முழுக்கச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் அதைத் தனியாக யோசிக்கலாம்.

நார்விச்சும் நார்ஃபோக்கும்

கிழக்கு இங்கிலாந்தின் பண்ணைகளிலும் குதிரை லாயங்களிலும் எலி பிடித்துக்கொண்டிருந்த ஒரே நாய்க்கு இரண்டு வகைக் காது. 1880களில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இந்தச் சிறிய நாய்களை அறையில் வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டிஷ் கென்னல் கிளப் 1932இல் நார்விச் டெரியர் என்ற ஒரே பெயரில் இவற்றை ஏற்றுக்கொண்டது; நிமிர்ந்த காதும் மடிந்த காதும் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கின. இரண்டையும் கலந்தால் நிமிர்ந்தும் நிற்காமல் மடிந்தும் விழாமல் காது கெட்டுப்போனது. அதனால் வளர்ப்பவர்கள் தனித்தனியாகவே இணைத்துவந்தார்கள். 1964இல் மடிந்த காதுள்ளது நார்ஃபோக் என்று பிரிந்தது. அமெரிக்காவில் அந்தப் பிரிவினைக்கு 1979 ஆனது. எது எது என்று குழம்புகிறவர்களுக்கு இங்கிலாந்தில் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு: நார்விச் பேராலயத்தின் கூர்முனைக் கோபுரம்போல் நிமிர்ந்த காது நார்விச்சுக்கு, நார்ஃபோக் மாவட்டத்தின் தட்டை நிலம்போல் படிந்த காது நார்ஃபோக்குக்கு.

இரண்டும் தோளருகே 25 சென்டிமீட்டர், எடை 5 முதல் 5.5 கிலோ. நார்விச் கொஞ்சம் குறுகிய உடல்; நார்ஃபோக் ஒரு சுற்று நீளம். நிறங்களும் ஒன்றே: சிவப்பு, கோதுமை, கறுப்பும் பழுப்பும், சாம்பல் கலந்தது. பல நாய்களோடு கூட்டமாக வேலை செய்யப் பழகிய வம்சம் என்பதால், மற்ற நாய்களோடு சண்டைக்குப் போகும் டெரியர் புத்தி இவற்றில் குறைவு. வெள்ளெலி, முயல் வளர்க்கும் வீட்டில் அதே நம்பிக்கையை வைக்கக் கூடாது.

இனி நார்விச்சின் மூச்சு. மூக்கு சப்பையான புல்டாக், பக் போன்ற நாய்களுக்கு மூச்சுத் திணறும் என்பது பலருக்குத் தெரியும். நார்விச்சின் மூக்கு சப்பை இல்லை. ஆனாலும் அதே மாதிரித் திணறல் இந்த இனத்தில் இருக்கிறது. கோளாறு குரல்வளையில். உள்ளே இருக்கும் சவ்வு மடிப்புகள் தளர்ந்து காற்றுப்பாதைக்குள் உறிஞ்சப்படுகின்றன; சிறு பைகள் வெளியே பிதுங்குகின்றன; குரல் நாணுக்குக் கீழே குழாயே குறுகலாக இருக்கிறது. 2019இல் எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவன ஆய்வாளர்கள் இதோடு தொடர்புடைய மாற்றத்தை ஏடிஏஎம்டிஎஸ்3 என்ற மரபணுவில் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் புல்டாக் இனங்களிலும் இருந்தது. சப்பை முகம் மட்டுமே மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

வாங்குகிறவருக்கு இதில் சிக்கல் என்னவென்றால், சத்தத்தை மட்டும் வைத்து அளவிட முடியாது. உற்சாகத்தில் கரகரவென்று மூச்சு விடும் நாய், குறட்டை விடும் நாய், வெயிலில் சீக்கிரம் உட்கார்ந்துவிடும் நாய் – இவற்றைச் சந்தேகிக்கலாம். ஆனால் குரல்வளை மோசமாக இருந்தும் வெளியே ஒன்றும் காட்டாத நாய்களும் உண்டு. லேசான மயக்கத்தில் குழாய்க் கேமரா வைத்துக் குரல்வளையைப் பார்ப்பதுதான் உறுதியான வழி. ஆகவே குட்டியின் தாய், தகப்பன் இரண்டுக்கும் அந்தப் பரிசோதனை நடந்ததா, மருத்துவர் என்ன எழுதினார் என்று கேளுங்கள். ‘எங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினையே வந்ததில்லை’ என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது.

நார்விச் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மூன்று விஷயம். கழுத்துப்பட்டையில் வார் மாட்டாதீர்கள். மார்பைச் சுற்றும் ஹார்னஸ்தான். உடல் மெலிந்தே இருக்கட்டும், ஏனென்றால் தொண்டையைச் சுற்றிப் படியும் கொழுப்பும் அதே குறுகிய பாதையைத்தான் நெருக்கும். அறுவைச் சிகிச்சை, பல் சுத்தம் என்று எதற்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலும், இது நார்விச் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே நினைவூட்டுங்கள். உடல் அளவுக்கு வழக்கமாக எடுக்கும் சுவாசக் குழாய் இதற்குள் நுழையாமல் போகலாம். அதைவிடச் சிறிய அளவுகளும் மேசையில் தயாராக இருக்க வேண்டும்.

நார்ஃபோக்கின் கதை இதயம். மைட்ரல் வால்வு தடித்து, இரத்தம் பின்னோக்கிக் கசியும் நோய் சிறிய நாய்கள் எல்லாவற்றுக்கும் முதுமையில் வரக்கூடியதுதான். நார்ஃபோக்கில் வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் நாய்களிடமும் அது அடிக்கடி காணப்படுகிறது. பெற்றோர் நாய்களின் இதயத்தை எக்கோ எனப்படும் ஒலியலை ஸ்கேனில் பார்த்தார்களா, எத்தனை வயதில் என்று கேளுங்கள். ஒரு வயதில் எடுத்த சான்றிதழால் பெரிய பயன் இல்லை; பாட்டி, தாத்தா நாய்கள் எட்டு ஒன்பது வயதில் எப்படி இருந்தன என்பதுதான் தகவல். வீட்டில் செய்யக்கூடியது: நாய் ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு என்று எண்ணிக் குறித்து வைப்பது. வழக்கமாக அது 30க்குக் கீழே இருக்கும். தொடர்ந்து அதைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். இருமல் வரும்வரை காத்திருப்பது தாமதம்.

நார்ஃபோக்கில் இன்னொன்று தோல் செதிலாக உரியும் மரபுநோய். தாய், தகப்பன் இரண்டும் அந்த மரபணுவைச் சுமந்தால்தான் குட்டிக்கு வரும். அப்போது ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. டிஎன்ஏ பரிசோதனை இருப்பதால் தவிர்க்க முடிந்த நோய் இது. பரிசோதனை செய்யாத ஈற்றிலிருந்து குட்டி எடுக்க ஒரு காரணமும் இல்லை. முழங்கால் சில்லு நழுவுவதையும் எட்டு வாரக் குட்டியிலேயே கையால் பார்த்துச் சொல்லலாம்.

இரண்டு இனத்துக்கும் பொதுவான தொல்லை: ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகள்தான், பிரசவத்துக்கு அறுவைச் சிகிச்சையும் அடிக்கடி தேவைப்படும். அதனால் விலை ஏறுகிறது, காத்திருப்பு நீள்கிறது. அவசரப்படுகிறவர்கள் கண்ணில் படும் முதல் குட்டியை எடுத்துவிடுவதும் அதனால்தான்.

கெய்ர்ன்

ஸ்காட்லாந்து மலைப்பகுதியிலும் ஸ்கை தீவிலும் கற்குவியல்களுக்குள் பதுங்கும் நரியையும் நீர்நாயையும் துரத்திய நாய். உயரம் 28 முதல் 31 சென்டிமீட்டர், எடை 6 முதல் 7.5 கிலோ. வெள்ளையும் முழுக் கறுப்பும் தவிர ஏறக்குறைய எல்லா நிறத்திலும் வரும். குட்டியில் கோதுமை நிறமாக இருந்தது நான்கு வயதில் கருஞ்சாம்பல் ஆகிவிடுவதும் உண்டு. நிறத்துக்காகக் கெய்ர்ன் வாங்குவது வீண்.

நான்கில் தன்னிச்சை அதிகம் உள்ளது இதுதான். தோண்டும்; தோண்டுவதைத் திட்டினால் நீங்கள் இல்லாதபோது தோண்டும். தோட்டத்தில் ஒரு மூலையை அதற்கென்று விட்டுக்கொடுத்து மணல் நிரப்பி, உள்ளே பொம்மையைப் புதைத்து வைப்பதுதான் நடைமுறைத் தீர்வு. பூச்செடி முக்கியம் என்பவர்கள் வேறு இனம் பார்க்கலாம்.

நோயில் கவனிக்க வேண்டியது ஈரல். குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் போகாமல் தவறான குழாய் வழியாக நேரே உடலுக்குள் கலந்துவிடும் பிறவிக் கோளாறு கெய்ர்னில் தெரிந்த ஒன்று. குட்டி வளராது, சாப்பிட்ட பிறகு மந்தமாகும், வட்டமடிக்கும், சுவரில் தலையை அழுத்தும். வெறும் வயிற்றிலும் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பித்த அமிலத்தை இரத்தத்தில் அளப்பது முதல் பரிசோதனை. கெய்ர்னில் ஒரு நுணுக்கம் உண்டு: ஈரலின் நுண்குழாய்கள் சரியாக வளராத, பெரும்பாலும் தொல்லை தராத நிலையும் இந்த இனத்தில் இருக்கிறது. அதிலும் அதே எண் உயரும். ஆகவே எண் ஏறியதும் அறுவைச் சிகிச்சைக்கு ஓடாமல், ஸ்கேனில் தவறான குழாய் உண்மையில் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

கிராபே நோய் எனப்படும், நரம்பின் உறை அழியும் கொடிய மரபுநோய்க்கு டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. வளர்ப்பவரிடம் அந்தச் சான்று இல்லாவிட்டால் பேச்சைத் தொடர வேண்டாம். கண்ணில் நிறமி படிந்து அழுத்தம் கூடும் நோய் நடுவயதில் தொடங்கும். ஐந்து வயதிலிருந்து ஆண்டுக்கொரு கண் பரிசோதனை வைத்துக்கொள்ளலாம்.

பார்டர்

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான எல்லை மேடுகளிலிருந்து வந்தது. 1920இல் கென்னல் கிளப் ஏற்றது. குதிரையோடு ஓடி, நரி வளைக்குள்ளும் நுழைய வேண்டியிருந்த நாய் என்பதால் கால் நீளம், மார்பு ஒடுக்கம். தோளுக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் சந்திக்க வேண்டும் என்று நடுவர்கள் இன்றும் அளந்து பார்க்கிறார்கள். ஆண் 5.9 முதல் 7.1 கிலோ, பெண் 5.1 முதல் 6.4 கிலோ. தலை நீர்நாயுடையதைப் போன்றது.

நான்கில் பழக்க எளிதானது எது என்றால் பார்டர் என்றே சொல்ல வேண்டும். கடிந்து பேசினால் சுருங்கிவிடும். தின்பண்டத்துக்கு எதையும் கற்றுக்கொள்ளும். ஆனால் நாளுக்கு ஒரு மணி நேர நடை இதற்குக் குறைந்தபட்சம். மற்ற மூன்றுக்கும் அதைவிடக் குறைந்த நடை போதும். பார்டர் வலியைக் காட்டிக்கொள்ளாத நாய்; நொண்டுகிறது என்று உங்களுக்குத் தெரியவரும்போது பிரச்சினை முற்றியிருக்கும்.

இந்த இனத்துக்கே உரிய ஒன்று வலிப்பு போன்ற தசைப் பிடிப்பு. திடீரென்று நடை தடுமாறும், கால் விறைக்கும், உடல் நடுங்கும். சில நிமிடமோ அதற்கு மேலோ நீடிக்கும். வலிப்பிலிருந்து பிரித்தறியும் வழி: நாய்க்கு நினைவு தப்பாது, கூப்பிட்டால் உங்களைப் பார்க்கும். முன்பு இதை வலிப்பு வகை என்றே நினைத்தார்கள். கோதுமையிலுள்ள குளூட்டனுக்கு உடல் எதிர்வினை செய்வதோடு இது தொடர்புள்ளது என்பது பின்னர் தெரிந்தது. பல நாய்களுக்குக் குளூட்டன் முற்றிலும் இல்லாத உணவே மருந்து. முற்றிலும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: பிள்ளைகள் கீழே போடும் ஒரு ரொட்டித் துண்டு மாதக்கணக்கான கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடும். நாய் விழும்போது பதறாமல் கைப்பேசியில் படம் எடுங்கள்; மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது அது சாதாரணமாக நடந்துகொண்டிருக்கும், காணொளி இல்லாமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குட்டிப் பருவத்திலேயே உடல் ஆடும் இன்னொரு மரபுநோய்க்கு டிஎன்ஏ பரிசோதனை உண்டு, அதையும் கேளுங்கள்.

முடி: எல்லோரும் குறைத்து மதிப்பிடும் வேலை

நான்குக்கும் இரட்டை முடி. மேலே கம்பிபோன்ற முடி, அடியில் மென்மையான பஞ்சு. மேல்முடி ஓரளவு வளர்ந்ததும் வேரில் செத்து, விழாமல் அங்கேயே நிற்கும். அதை விரலால் பிடுங்க வேண்டும். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றினாலும், செத்த முடி வலியின்றி வந்துவிடும். டிரிம்மர் போட்டால் முடி நடுவில் வெட்டுப்பட்டு, செத்த வேர் தோலிலேயே தங்கும். புதிய கம்பிமுடிக்கு இடம் இல்லை, பஞ்சு மேலோங்கும், நிறம் மங்கும், மழையில் நனைந்தால் எளிதில் காயாது. இரண்டு மூன்று முறை வெட்டிய பிறகு பழைய முடியைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

செய்முறை இதுதான். சில நாட்கள் முன்பிருந்தே குளிப்பாட்டாதீர்கள். சுத்தமான முடி வழுக்கும். ரப்பர் விரலுறை போடுங்கள், அல்லது முடியில் சாக்பீஸ் தூள் தூவுங்கள். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஐந்தாறு முடிகளை நுனிப்பக்கமாகப் பிடித்து, வளரும் திசையிலேயே இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் வலிக்கும். கழுத்து, முதுகு, விலா என்று தொடங்கித் தலையைக் கடைசியில் வையுங்கள். வயிறு, தொடை இடுக்கு, வால் அடி ஆகிய இடங்களில் பிடுங்கவே கூடாது, அங்கே கத்தரி. தோல் சிவந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துத் தொடரலாம்.

பார்டருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை முழுதாக எடுத்துவிடுவது வழக்கம். புது முடி மூடும்வரை சில வாரங்கள் பஞ்சோடு மட்டும் இருக்கும். குளிரில் மேலங்கி போட வேண்டும். நார்விச், நார்ஃபோக்குக்கு இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை இருபது நிமிடம் நீண்ட முடியை மட்டும் எடுத்துவந்தால் ஆண்டு முழுக்க ஒரே தோற்றம் நிற்கும். கெய்ர்ன் கலைந்தே இருக்க வேண்டிய நாய் என்பதால் வேலை மிகக் குறைவு: வாரம் இருமுறை சீவல், காதின் மேல் மூன்றில் ஒரு பங்கு சுத்தம், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செத்த முடி. நார்ஃபோக்கின் மடிந்த காதுக்குள் வாரம் ஒருமுறை நாற்றமோ மெழுகோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் செய்யச் சொன்னால், கையால் எடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கூரான கத்தியால் அறுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கீழே விழுந்த முடியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு முனை வெளிறி, வேரோடு இருந்தால் பிடுங்கியது. வேர் இல்லாமல் முனை வெட்டுப்பட்டதாக, நீளம் பலவிதமாக இருந்தால் அறுத்தது. கருத்தடை செய்த நாய்களில் முடி பஞ்சாகி, பிடுங்க வராமல் போவதுண்டு. வயதான நாய், இதய நோயுள்ள நாய் மேசையில் ஒரு மணி நேரம் நிற்பதும் நியாயமில்லை. அங்கெல்லாம் டிரிம்மர்தான் சரி. அழகுப் போட்டி நடுவர் யாரும் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

உணவு, வேலி, எலி

5.5 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு நாளுக்கு 350 முதல் 400 கலோரி. நூறு கிராமுக்கு 370 கலோரி தரும் உலர் உணவு என்றால் 95 முதல் 108 கிராம். கோப்பையால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுங்கள். 30 கிராம் செடார் சீஸ் 120 கலோரி. பயிற்சிக்கென்று கொடுத்தால் நாளின் உணவில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். அரைக் கிலோ கூடினால் இந்த அளவு நாய்க்கு அது ஒன்பது சதவீதம். ஏழு கிலோ கெய்ர்னுக்கு 420 முதல் 480 கலோரி. விலா எலும்பு கையில் படுகிறதா என்பதே எந்த அட்டவணையையும்விட நல்ல அளவுகோல்.

வேலி 1.2 மீட்டர் போதும். பார்டர் ஏறும் என்பதால் அதற்கு 1.5 மீட்டர். உயரத்தைவிட அடிப்பகுதி முக்கியம். கம்பிவலையை 30 சென்டிமீட்டர் ஆழம் புதைத்து, கீழ் முனையைத் தோட்டத்துப் பக்கமாக இன்னொரு 30 சென்டிமீட்டர் மடித்து விடுங்கள். கேட்டுக்குக் கீழே 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கூப்பிட்டதும் திரும்பி வரும் பழக்கம் உறுதிப்படும்வரை திறந்தவெளியில் 10 மீட்டர் நீள வார். அணில் ஓடினால் நான்கில் எதுவும் உங்கள் குரலைக் கேட்காது.

எலி பிடிக்கும் நாய் என்பதில் பெருமைப்படுகிறவர்கள் எலி விஷத்தை மறந்துவிடுகிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷத்தை நாய் நேராகத் தின்றாலும், தின்ற எலியைத் தின்றாலும், அறிகுறி இரண்டு முதல் ஐந்து நாள் கழித்தே வரும்: ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், இருமலில் இரத்தம். அதுவரை நாய் துள்ளிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்த அன்றே பெட்டியின் அட்டையோடு மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே1 காப்பாற்றும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். மற்ற ஊசிகளைப்போல மூன்று ஆண்டு இடைவெளி இதற்குப் பொருந்தாது.

யாருக்கு எது

முதன்முதலாக நாய் வளர்க்கும் குடும்பம், பள்ளி வயதுப் பிள்ளைகள், மழையிலும் நடக்க ஆள் உண்டு என்றால் பார்டர். நடை குறைவு, வீடு சிறிது, வருகிறவர் போகிறவர் அதிகம் என்றால் நார்ஃபோக், பெற்றோரின் எக்கோ அறிக்கையோடு. முடி வேலைக்கு நேரமே இல்லை, தோட்டம் பாழானாலும் பரவாயில்லை, சொன்ன பேச்சைக் கேட்காத நாயோடு சிரிக்கத் தெரியும் என்றால் கெய்ர்ன். நார்விச்சை அதன் குணத்துக்காகவே யாருக்கும் சொல்லலாம். ஆனால் குரல்வளைப் பரிசோதனை அறிக்கை கையில் வராதவரை சொல்லக் கூடாது.

இங்கிலாந்தில் வாங்குகிறவர்களுக்குச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைக் கடைக்காரரோ இடைத்தரகரோ விற்க முடியாது; வளர்த்தவரிடமோ மீட்பு இல்லத்திலோதான் எடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது. அதற்குள் மைக்ரோசிப் வைத்திருக்க வேண்டும். தாயோடு குட்டியைப் பிறந்த வீட்டிலேயே பார்ப்பது உங்கள் உரிமை. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் பேச்சை முறித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது தாய் நாயைச் சற்று ஓடவிட்டு அதன் மூச்சைக் கேளுங்கள். மேலே சொன்ன பரிசோதனைகளில் உங்கள் இனத்துக்கு உரியதை எழுதி எடுத்துப்போய், அசல் சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் தாயின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நல்ல வளர்ப்பவர் உங்களிடமும் கேள்வி கேட்பார்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், முடியை யார் எடுப்பார்கள், முடியாமல் போனால் நாயைத் தன்னிடமே திருப்பித் தருவீர்களா என்று. அப்படிக் கேட்கிறவரிடம் இப்போது குட்டி இல்லையென்றால் அடுத்த ஈற்றுக்குப் பெயர் கொடுத்து வையுங்கள். அதற்குள் வேலி வேலையை முடித்துவிடலாம்.